எங்கள் வீட்டுப் பாம்பு தின்ற முட்டைகள்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடந்து முடித்து, வழக்கமான கட்டையில் உட்கார்ந்திருந்தபோது நம் ஆட்களில் ஒருவர் செல்போனை நீட்டினார். ஒரு மயில் பாம்பைக் கொத்துகிற வீடியோ. ஆளாளுக்கு ஒரு கருத்து சொன்னீர்கள். பேங்கில் இருந்தவர் அது ராஜநாகம் என்றார். வாத்தியார் மயிலுக்கு விஷம் ஏறாது என்றார். இன்னொருவர், கருடனின் நிழல் பட்டாலே பாம்பு சுருண்டுவிடும் என்று சத்தியம் செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கே அது அதிசயமாக இருந்திருக்கும்.

காரணம் இருக்கிறது. நீங்கள் பறவையையும் பாம்பையும் செல்போனில் பார்த்தவர்கள். நான் பத்து வயதில் அந்த வழக்கில் நேரடியாக இறங்கியவன். சொல்ல ஆரம்பித்தால் வெயில் ஏறிவிடும் என்றுதான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் வாத்தியார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் நான் பிழை விட்டதில்லை.

அப்போது எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். இன்றைக்கு அங்கே ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடையாது. அன்றைக்கு எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பு. தோப்பைத் தாண்டினால் பிள்ளைச்சாவடிக்குப் போகிற மணல் பாதை. கீற்றுக் கூரை வீடு. அப்பாவுக்கு மில்லில் தறி ஓட்டுகிற வேலை. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பயனில்லை என்று பழகியவர், வீட்டிலும் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார்.

அந்தச் சித்திரையில் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்திருந்தோம். திண்டிவனம் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்து, கண்ணாடி வளையல் குலுங்க, பஸ்ஸை விட்டு இறங்கினாள். எனக்குக் கொண்டாட்டம். என் பள்ளிக்கூடக் கணக்கைப் போடுவது அவள், அம்மாவின் கரண்டிக்கும் என் முதுகுக்கும் நடுவில் வந்து நிற்பதும் அவள். இரண்டு வேலையும் ஒரு வருஷமாக ஆளில்லாமல் கிடந்தன.

அவள் வந்த பத்தாம் நாள் பாம்பு வந்தது.

நல்ல உச்சி வெயில். அம்மா சமையல்கட்டில் அரிசிப் பானையை நகர்த்தினாள். பானைக்குப் பின்னாலிருந்து பழுப்பாக ஒன்று எழுந்து, சுவரேறி, கூரைக்குள் போயிற்று. அது முழுவதும் போய் முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நீளம். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து உலக்கையை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி வூட்ல இருக்கையில பாம்ப அடிக்கிறியே, பொறக்கற புள்ள நாக்க நீட்டிக்கிட்டுப் பொறக்கணுமா?"

அப்பா உலக்கையைக் கீழே வைத்தார். "அது சாரை" என்றார். சொன்னது ஒரு தடவை. யார் காதிலும் விழவில்லை.

உங்கள் வீடுகளிலும் இந்த வழக்கம் இருந்திருக்கும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது. எங்கள் அம்மா அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கடைப்பிடித்தாள். கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே விட்டாள். என் தலைப் பேன்களுக்குக்கூட அந்த இரண்டு மாதம் விடுமுறை. அதோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. கர்ப்பிணியைப் பார்த்தால் பாம்புக்குக் கண் தெரியாமல் போய்விடும் என்பார்களே, அது. "அவளப் பாத்துட்டு அதுக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சி. வழி தெரியாம இங்கயே சுத்துது, பாவம்" என்றாள் அம்மா. ஆகக்கூடி, அந்தப் பாம்பை அடிக்கவும் முடியாது, அதுவாகப் போகவும் போகாது.

இதோடு விட்டிருந்தால் நாங்களும் அதுவும் ஒரே கூரைக்குள் சமாதானமாக இருந்திருப்போம். அக்காவின் மாமியார் பார்க்க வந்தார். கனகாம்பரம், கை முறுக்கு, பெரிய தோல் பை. மருமகளின் காலைப் பார்த்தார். "கொலுசு எங்க? நான் போட்டதாச்சே" என்றார். கால் வீங்கியிருப்பதால் கழற்றி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். மாமியார் உள்ளே பாயில் உட்கார்ந்து அந்தக் கொலுசின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். சுத்த வெள்ளியாம், அவர்கள் ஊர் ஆசாரி வீட்டுக்கே வந்து உருக்கிச் செய்ததாம். அவர் தலைக்கு மேலே கூரைக் கீற்றில் பாம்புச்சட்டை ஒன்று தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. நான் பெரிய கண்டுபிடிப்பு செய்தவனைப் போல, "அத்தை, மேல பாருங்க, சட்ட" என்றேன்.

பார்த்தார். அதற்குப் பிறகு வாசலில் நின்றுதான் பேசினார்.

"பௌர்ணமி கழிஞ்ச வெள்ளிக்கெழம வருவேன் சம்பந்தி. அதுக்குள்ள அது போயிருக்கணும். இல்லன்னா எம் மருமவள நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். எங்க வூட்ல பாம்பு பல்லி ஒண்ணும் கெடையாது."

"அங்க எது உசுரோட இருக்க முடியும்" என்று அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

அவர் போன பிறகு அக்கா கொல்லையில் போய் அழுதாள். முறுக்கைத் தின்றுகொண்டே அழுதாள். "பன்னண்டு பேருக்கு நான் ஒருத்திதான்டா தண்ணி எறைக்கணும். கெணத்துக் கட்ட என் மாருக்கு நிக்கிது. இந்த வயித்த வெச்சிக்கிட்டு எப்பிட்றா எறைப்பேன்?" என்று கேட்டாள். அந்த நிமிஷமே முடிவு செய்தேன். இந்தப் பாம்பை நான்தான் வெளியேற்றுவது. பிற்காலத்தில் ஊர்ச் சாக்கடை பூராவையும் தூர்வாரின ஆள் அந்த நிமிஷத்தில் உருவானான் என்றே சொல்லலாம்.

எதிர்வீட்டில் சொல்தா இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவரைச் சொல்தா என்போம், உங்களுக்குத் தெரியும். இவர் சைகோன் வரைக்கும் போய் வந்தவர். ஓட்டு வீடு, பச்சை ஜன்னல், காக்கி அரைக்கால் சட்டை, கையில் ஒரு பிரம்பு. பெண்களை அவர் மதாம் என்பார், அவரை நாங்கள் முசே என்போம், பிரெஞ்சில் அம்மா, ஐயா மாதிரி. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளை கிடையாது. வான்கோழிகள்தான். ஆண் வான்கோழிக்குக் கழுத்தில் சிவப்பாகத் தொங்குவதை மெடல் என்பார். அதனால் அதற்குக் கப்பித்தேன், அதாவது கேப்டன், என்று பெயர்.

அப்பா வாசல் வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னார். சொல்தா பிரம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அடிக்கக் கூடாது. ஆனா போவணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான் முசே."

"சைகோன்ல எங்க காம்ப் பூரா பாம்பு. ஒரே ஒரு வான்கோழி வுட்டோம். அது நடந்த எடத்துல பாம்பு மூச்சு வுடல. அது எச்சம் பட்டாலே பாம்புக்கு ஒடம்பு அழுவிடும். எம் கப்பித்தேன அனுப்புறேன், ஒரு வாரத்துல காலி பண்ணிக் குடுத்துடும்."

அன்று மாலையே, "அலே, கப்பித்தேன், அலே" என்று அதட்டிக்கொண்டு தெருவைக் கடந்து ஓட்டிவந்தார். அது தனியாக வராது என்று ஒரு பெட்டையும் பின்னால் வந்தது. தெருவே நின்று பார்த்தது.

கப்பித்தேன் எங்கள் வீட்டில் செய்த வேலைகளைச் சொல்கிறேன். மில் சங்கு ஊதினால் பதிலுக்குக் கூவும். அப்பா தும்மினால் கூவும். பால்காரரைத் தெருமுனை வரைக்கும் விரட்டும். அம்மாவின் பித்தளைத் தவலையில் தன் உருவத்தைப் பார்த்துத் தோகையை விரித்துச் சண்டைக்கு நிற்கும். நான் கொல்லைக்குப் போவதென்றால் ஒரு கூடையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பாம்பு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவை, யாரும் அழைத்துவராத மைனாக்கள்தான். அது வெளியே தலைகாட்டினால் போதும், முருங்கை மரத்தில் இருக்கிற மைனா அத்தனையும் தொண்டை கிழியக் கத்தும். மூன்றாம் நாள் அப்படிக் கத்தின. பாம்பு கூரையிலிருந்து இறங்கி, கப்பித்தேனுக்கு இரண்டு முழ தூரத்தில் நிதானமாகக் குறுக்கே போயிற்று. கப்பித்தேன் அதைப் பார்த்தது. தோகையை மடக்கியது. வேறு அவசர வேலை இருப்பது போலத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்துவிட்டது.

பெட்டை மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. விறகு அடுக்குக்குப் பின்னால் முட்டையிட்டது. கோழிமுட்டையைவிடப் பெரிசு, மேலே பழுப்புப் புள்ளி. காலையில் பார்த்தால் இருக்கும், மத்தியானம் இருக்காது. அடுத்த முட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"பாம்பு முழுங்கிடுச்சி" என்றாள் அம்மா.

நான் பாம்பின் வயிற்றில் புடைப்பு தெரிகிறதா என்று கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கினதுதான் மிச்சம்.

சொல்தா விசாரிக்க வந்தார். விறகு அடுக்கைப் பார்த்தார். கொல்லையைச் சுற்றினார். சாம்பல் கொட்டுகிற குழியில் பிரம்பை விட்டுக் கிளறினார். நான் பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தேன். என்னவோ பார்த்தார், காலால் சாம்பலைத் தள்ளி மூடினார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்று மரியாதையாகச் சொன்னார்.

"ஒங்க பாம்புக்கு நல்ல பசி போலருக்குது மதாம். இன்னொரு பெட்டையும் அனுப்புறேன்."

சொன்னபடியே மறுநாள் இன்னொரு பெட்டை வந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பாம்பு நல்லா சாப்புடுதா மதாம்?" என்று கேட்பார். "நல்லா சாப்புடுதுங்க" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள். நான் சொல்தாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். முட்டை காணாமல் போகிற இடத்துக்கு மேலும் கோழி அனுப்புகிறவருக்குச் சைகோன் வெயிலில் மண்டை காய்ந்திருக்க வேண்டும்.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது.

அப்போதுதான் ஈயம் பூசும் பாய் வந்தார். டவுனிலிருந்து வருவார். எங்கள் வேப்பமரத்தடியில் குழி தோண்டித் துருத்தி வைத்தால், தெருப் பாத்திரம் முழுக்கப் பூசி முடிக்க ஒரு வாரம் ஆகும். நவச்சாரப் புகை மூக்கில் ஏறும். பழுக்கக் காய்ந்த அண்டாவுக்குள் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றினால், கறுப்பு போய் நிலா மாதிரி வெளுப்பு வரும். அதைத் தண்ணீரில் அமுக்கினால் சுர்ரென்று ஒரு சத்தம் எழும். அதைக் கேட்பதற்காகவே நான் துருத்தி ஊதிக் கொடுப்பேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வான்கோழி இதுக்கெல்லாம் ஆவாது தம்பி" என்றார் பாய். "செம்போத்துதான். அதும் கூட்டுல சஞ்சீவி வேரு இருக்கும். அந்த வேர நீட்டுனா பாம்பு தலையத் தொங்கப் போட்டுடும்."

"எப்பிடி எடுக்கறது?"

"குஞ்சு காலுல சங்கிலி போட்டுக் கட்டிட்டு வந்துடணும். தாய் பாக்கும். போய் வேரக் கொண்டாந்து வெக்கும். சங்கிலி தானா தெறிச்சிடும். அப்புறம் கூட்டப் பிரிச்சி, ஒவ்வொரு குச்சியா ஓடுற தண்ணியில போடணும். எல்லாம் தண்ணி போற பக்கம் போவும். ஒண்ணு மட்டும் எதுத்து ஏறும். அதான்."

அம்மா சமையல்கட்டிலிருந்து, "அவனுக்குக் கத சொல்லாதீங்க பாய், போய் மரத்துல ஏறிடுவான்" என்றாள்.

"கத இல்லம்மா. எங்க அத்தா சொன்னது."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"பாத்திருந்தா இங்க ஒக்காந்து ஒங்க அண்டாவுக்கு ஈயம் பூசிக்கிட்டு இருப்பேனா?"

அந்தப் பதிலைக் கேட்டு நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். மாறாக, பாய்க்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். தொழிலில் நான் முன்னுக்கு வந்ததும் இப்படி எடுத்துக்கொண்டதால்தான்.

காக்கை உருவத்தில் செம்பழுப்பு இறக்கையோடு திரியுமே, அந்தச் செம்போத்தின் கூடு எங்கே என்று எனக்குத் தெரியும். பிள்ளைச்சாவடிப் பாதையில் ஒரு தாழம்புதர். அதற்குள்ளிருந்து ஊப், ஊப் என்று குடத்துக்குள் ஊதுகிற மாதிரி கூப்பிடும். சங்கிலிதான் பிரச்சினை. வீட்டில் இருந்த ஒரே சங்கிலி கிணற்று வாளியுடையது. அதைக் கட்டினால் குஞ்சோடு கூடும் சேர்ந்து கீழே வந்துவிடும். யோசித்தேன். அக்காவின் பவுடர் டப்பாவில் கொலுசு இருந்தது. வேலை முடிந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தாழை மடலின் முள் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்கும். கை, கால், காது எல்லாம் கிழித்துக்கொண்டு உள்ளே போனேன். பானை அளவுக்குக் குச்சியும் ஓலையுமாக ஒரு கூடு. கையை விட்டதும் உள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சீறல். பாம்புதான் என்று நினைத்து உயிரை விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஒரு குஞ்சு. கறுத்த தோல், மேலே வெள்ளை முடி, கிழவனார் மாதிரி. அது என்னைப் பார்த்து மறுபடியும் சீறி, பின்பக்கத்தைத் திருப்பி, கறுப்பாக ஒரு திரவத்தை என் சட்டை மேல் அடித்தது. பிற்காலத்தில் எத்தனையோ செப்டிக் டேங்க்கில் இறங்கியிருக்கிறேன். அந்த நாற்றத்துக்கு இணை கண்டதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் கொலுசை மாட்டி, மறுமுனையைக் கிளையில் கட்டிவிட்டு, நேராகக் கடலுக்கு ஓடினேன். அக்கா மூன்று நாள் என் பக்கத்தில் படுக்கவில்லை. இன்றைக்கு எவனாவது ஒரு குஞ்சுக்கு அப்படிச் செய்தால் நானே அவன் காதைத் திருகுவேன்.

பௌர்ணமி புதன்கிழமை. வியாழன் காலை போய்ப் பார்த்தேன். கூடு காலி. குஞ்சைக் காணோம். கொலுசு கிளையில் தொங்கியது, இரண்டாகத் தெறித்து.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ டெண்டர் ஜெயித்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. கொலுசை டவுசர் பையில் போட்டேன். கூட்டை அப்படியே பிய்த்துக் கோணியில் திணித்தேன்.

அடுத்தது ஓடுகிற தண்ணீர். கத்திரி வெயில் காலத்தில் எங்கள் ஊரில் ஓடுகிற தண்ணீர் என்றால் ஒன்றுதான், பெரிய வாய்க்கால். ஊர்க் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு போய்க் கடலில் விழும். கோணியைத் தலையில் வைத்துக்கொண்டு, அது கடலில் சேர்கிற இடம் வரைக்கும் நடந்தே போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னா தம்பி, குப்பைய எங்க வாசல்ல கொண்டாந்து கொட்ற?" என்றார். முதல் குச்சியைத் தண்ணீரில் போட்டேன். அது ஒரு வட்டம் அடித்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்துப் புறப்பட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவதைப் போட்டேன். அதுவும் ஊரைப் பார்த்துப் போயிற்று. மூன்றாவது. நான்காவது. கூட்டிலிருந்த அத்தனை குச்சியும், காய்ந்த ஓலையும், ஒரு கோழி இறகும் வரிசையாக எதிரேறிப் போயின. கடல் பக்கமிருந்து ஒரு தேங்காய் மட்டையும் அவற்றின் பின்னாலேயே வந்தது. வேரின் சக்தி மட்டையையும் இழுக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஒரு கூட்டில் ஒரு வேர்தான் இருக்கும் என்று பாய் சொன்னார். எனக்கு வாய்த்த செம்போத்து வீட்டையே சஞ்சீவியால் கட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிய ஒரு குச்சியைத் துரத்திப் பிடித்து எடுத்தேன். ஒரு சாண் நீளம், பெருவிரல் கனம், நுனியில் சின்னக் கோணல்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே மாமியார் வந்துவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் முக்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு பக்கம் பாய் அண்டாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கப்பித்தேன் தோகையை விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னா சம்பந்தி, போச்சா?"

"போயிடுச்சி சம்பந்தி. ரெண்டு நாளா கண்ணுலயே படல" என்றாள் அம்மா.

முருங்கை மரத்தில் மைனாக்கள் கத்த ஆரம்பித்தன.

கூரை விளிம்பில் முதலில் தலை தெரிந்தது. பிறகு என் மணிக்கட்டு கனத்துக்கு உடம்பு, வழிந்து வழிந்து சுவரில் இறங்கியது. வான்கோழி பறக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கப்பித்தேன் பறந்து, தெருவைக் கடந்து, சொல்தா வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்தது. மாமியார் எப்படி ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை, ஆட்டுக்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பாம்பு அவளைப் பார்த்தது. நின்றது.

இதுதான் சமயம் என்று நான் குதித்தேன். வேரை நீட்டினேன். பாம்பு நாக்கை நீட்டி அதை முகர்ந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அந்த ஒரு சாண் குச்சிதான். தலையைத் தொங்கப் போடவில்லை. மாறாக, கொஞ்சம் தூக்கியது.

அந்த வினாடியில் பாய், இடுக்கியில் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்த அண்டாவைப் பதற்றத்தில் அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போட்டார். சுர்ரென்று ஒரு சத்தம், முற்றம் நிறைய ஆவி. ஆவி கலைந்தபோது பாம்பின் வால் வேலி இடுக்கில் முந்திரித் தோப்புப் பக்கம் மறைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதை நாங்கள் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா, சஞ்சீவி வேரு" என்றேன்.

மாமியார் ஆட்டுக்கல்லை விட்டு இறங்காமலே கேட்டார். "எங்கேர்ந்துடா கெடச்சிது?"

கேட்டால் சொல்லாமல் இருப்பேனா. தாழம்புதரிலிருந்து ஆரம்பித்து, குஞ்சு, சங்கிலி, வாய்க்கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலிக்குப் பதிலாக எதைக் கட்டினேன் என்பதையும் அதே வேகத்தில் சொல்லிவிட்டேன்.

"கொலுசா? நான் போட்ட கொலுசா?" மாமியாரின் குரல் தெருவுக்குக் கேட்டது. "பாம்பு போனா என்னா சம்பந்தி, வூட்லயே திருடன வளக்கிறீங்களே. சுத்த வெள்ளிய குருவி காலுல மாட்டிட்டு வந்திருக்கான். ஏ பொண்ணு, துணிய எடு. இந்த பஸ்லயே போறோம்."

அம்மா கரண்டியைத் தேடினாள். வழக்கமாக நடுவில் வந்து நிற்கிற அக்கா வரவில்லை. சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னால் அவளுக்குக் கிணற்றுக் கட்டை வந்துவிட்டது. அது புரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. வேருடைய சக்தியை நிரூபித்தால் மன்னித்துவிடுவார்கள் என்று டவுசர் பையிலிருந்து கொலுசை எடுத்து நீட்டினேன். "பாருங்க அத்தை, நான் ஒடைக்கல. வேருதான் அறுத்துது."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சாம்பலைத் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். பிறகு சங்கடத்தோடு அப்பாவைப் பார்த்தார். அப்பா சத்தம் கேட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தார்.

"சொல்லுங்க பாய்" என்றார் அப்பா.

"ஒடிஞ்ச எடம் மஞ்சளா இருக்குது. வெள்ளின்னா உள்ளயும் வெள்ளியாத்தான் இருக்கும். இது பித்தள, மேல முலாம். இது ஒடைய வேருல்லாம் வேணாம். குஞ்சு நாலு உதறு உதறினா போதும்."

எதிர்வீட்டு ஓட்டின் மேலிருந்து கப்பித்தேன் ஒரு தடவை கூவியது.

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்து, "அந்த இன்னொண்ணையும் எடுத்தாம்மா. பாய் பாக்கட்டும்" என்றார்.

மாமியார் ஆட்டுக்கல்லிலிருந்து இறங்கினார். "அது எதுக்குங்க. அந்த ஆசாரி என்ன நல்லா ஏமாத்திட்டான் போல" என்றார். தோல் பையை எடுத்துக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்தார். "அதான் பாம்பு போயிடுச்சே சம்பந்தி. புள்ள இங்கயே பொறக்கட்டும். ஒடம்பப் பாத்துக்க சொல்லுங்க."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். ஆசாரி ஏமாற்றினானா, அவரே தெரிந்து போட்டாரா என்று அப்பா கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனி மாதம் எங்கள் கூரைக்குக் கீழேயே ஆண் குழந்தை பிறந்தது. நாக்கு வாய்க்குள்தான் இருந்தது.

எனக்குக் கரண்டி அடி கிடைத்தது, அது தனி. குச்சியை மட்டும் விடவில்லை. பிறகு குழாய் வேலைக்குப் போனேன், கூலியானேன், மேஸ்திரியானேன், கான்ட்ராக்ட் எடுத்தேன். இருபத்தாறு வயதில் பெரிய வாய்க்காலைத் தூர்வாருகிற வேலை எனக்கே வந்தது. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். கடல் ஏறியது. வாய்க்கால் தண்ணீர் அப்படியே திரும்பி ஊருக்குள் போக ஆரம்பித்தது. வெற்றிலைச் சருகு, பீடித் துண்டு, செருப்பு, எல்லாம் எதிரேறிப் போயின. கூட வேலை செய்தவன், "என்னா மேஸ்திரி, செலையாட்டம் நிக்கிறீங்க?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அந்தக் குச்சி இன்றைக்கும் என் ஆபீஸில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. டெண்டர் போடுகிற நாளில் தொட்டுக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். வேலை கிடைத்திருக்கிறதா இல்லையா?

இவ்வளவு நாள் கதை எனக்கு இங்கேதான் முடிந்திருந்தது. அந்த மயில் வீடியோவை என் போனுக்கு வாங்கிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை கனகசெட்டிக்குளத்துக்குப் போனேன். அக்கா அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். வீடியோவைக் காட்டி, "நம்ம வூட்டுப் பாம்பு மட்டும் சாதாரணமா? எத்தன வான்கோழி முட்ட முழுங்கிச்சி" என்றேன்.

"கணக்கு வெச்சிக்கல" என்றாள் அக்கா. "அவிச்சி, உரிச்சி, மொளகாத்தூள் தொட்டுக்கிச்சி."

"பாம்பா?"

"நான்டா."

பல் செட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுக்கு முட்டை மேல் அப்படி ஒரு ஆசையாம். எதிர்வீட்டு முட்டையைக் கேட்டு வாங்க அம்மாவுக்குக் கூச்சம். கேட்காமல் எடுக்கவும் பயம். பாம்புதான் வீட்டில் இருக்கிறதே என்று அதன் பேரில் போட்டுவிட்டாள். அப்பாவும் நானும் மத்தியானம் தூங்கும்போது அம்மா அவித்துக் கொடுப்பாளாம், ஓட்டைச் சாம்பல் குழியில் புதைத்துவிடுவாளாம். "அது பாவம்டா. எலி புடிக்க வந்துது, பழிய வாங்கிக்கிட்டுப் போச்சி."

என் மருமகன், அந்த ஆனி மாதக் குழந்தை, வழுக்கைத் தலையோடு உள்ளே வந்து என்ன சிரிப்பு என்று கேட்டான். அவன் முட்டையைத் தொடமாட்டான், வாடையே ஆகாது. பிறக்கும் முன்னாலேயே தின்று முடித்துவிட்டான் போல.

வண்டியில் திரும்பி வரும்போது பிள்ளைச்சாவடி தாண்டியதும் டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சாம்பல் குழி. சொல்தா பிரம்பால் கிளறினார், என்னவோ பார்த்தார், காலால் மூடினார். பக்கத்தில் கூடையோடு நின்ற எனக்குச் சாம்பல் மட்டும்தான் தெரிந்தது. பாம்பு முட்டையை அவிக்காது. ஓட்டை உரித்துப் புதைக்காது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் அந்த மனிதரை மண்டை காய்ந்தவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் வரைக்கும் கோழிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. "கப்பித்தேனுக்கு இன்னும் வேலை முடியல" என்பார். பாம்பு போய் ஒரு மாதம் ஆன பிறகும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் விசாரித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தினமும் பதில் சொன்னாள்.

வான்கோழி முட்டை இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. இரண்டு நாள் ஆள் விட்டுத் தேடி ஒரு பண்ணையில் வாங்கினேன். நேற்று எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டு கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, கையில் பிரம்பு இல்லாத குறையாக நிமிர்ந்து, சத்தமாகக் கேட்டேன்.

"பாம்பு நல்லா சாப்புடுதா மதாம்?"

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நல்லா சாப்புடுதுங்க முசே. இன்னொரு பெட்டையும் அனுப்புங்க."